பேரரசருக்கு வயது பதிமூன்று

இனிமேல் என்னிடம் எந்தக் கம்பெனியும் 'வருந்துகிறோம்' என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது! அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே இந்த முடிவை எடுத்துவிட்டேன். எடுத்த வேகத்தில் கொஞ்சம் பற்பசையை விழுங்கியும் விட்டேன்.

என்ன விஷயம் என்கிறீர்களா? என் சாம்ராஜ்யம் போய்விட்டது ஐயா, சாம்ராஜ்யம்!

பகலெல்லாம் நான் வெறும் பூட்டுக் கடைக்காரன். பித்தளைப் பூட்டு, இரும்புப் பூட்டு, சைக்கிள் பூட்டு, சாவி தொலைத்தவர்களுக்கு மாற்றுச் சாவி. கடையில் எல்லாரும் என்னிடம் பேரம் பேசுவார்கள். வீட்டில் யாரும் பேரம் பேச மாட்டார்கள், நேராகத் தீர்ப்புதான். ஆனால் சாயங்காலம் ஹாலில் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்துவிட்டால் நான் பேரரசன். பெயர் அசுரவேந்தன். ஊர் உலகத்தில் உள்ளவர்களெல்லாம் இணையத்தில் சேர்ந்து ஆடுகிற கோட்டை விளையாட்டு அது. நாலு வருஷமாகக் கல்லின் மேல் கல் வைத்து நான் கட்டிய கோட்டைக்கு ஏழு மதில். படையில் நூறு பேருக்கு மேல். நான் 'தாக்குங்கள்' என்றால் தாக்குவார்கள். 'பின்வாங்குங்கள்' என்றால் பின்வாங்குவார்கள். ஒருவர்கூட 'ஏன்?' என்று கேட்டதில்லை. இந்த ஒரு சுகத்துக்காகவே கல்யாணமான ஆண்கள் அந்த விளையாட்டை ஆடலாம்.

என் துணைத் தளபதி எதிர்வீட்டு டைலர். விளையாட்டில் அவன் பெயர் ரத்தப்புலி. நிஜத்தில் விரலில் ஊசி குத்தினால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பெண்டாட்டியைக் கூப்பிடுவான்.

ஒரு சாயங்காலம் ஜாய்ஸ்டிக்கை எடுக்கிறேன், திரையில் கோட்டையைக் காணோம். 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. சற்றுப் பொறுத்திருக்கவும்' என்று ஒரு வரி. சற்றுப் பொறுத்தேன். மறுநாளும் அதே வரி. அதற்கு மறுநாளும் அதே வரி. ஒரு வாரம் போன பிறகு அந்த மகானுபாவர்கள் வாயைத் திறந்தார்கள். பராமரிப்பும் இல்லையாம், பணியும் இல்லையாம். எவனோ உள்ளே புகுந்து, விளையாடுகிறவர்களின் பெயர், பிறந்த தேதி, மெயில் முகவரி, கடவுச்சொல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டானாம். 'இந்தச் சம்பவத்துக்கு வருந்துகிறோம்.'

சம்பவமாம்! என் கடையில் பூட்டு வாங்கினவர் வீட்டில் திருடு போனால், அன்றைக்கே அவர் என் கடை வாசலில் நின்று ஊரைக் கூட்டுவார். நான் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இவர்களோ திருடன் வந்ததைத் தெரிந்துகொண்டே ஒரு வாரம் 'பராமரிப்பு' என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். 'கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று வருஷம் முழுக்க எனக்குப் புத்தி சொன்னதும் இவர்கள்தான். நான் கட்டின மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இவர்கள் முகம் தெரியாத திருடனிடம் மொத்தமாகச் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு மேலும் இரண்டு வாரம் கோட்டை திறக்கவில்லை. நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. மனைவியோடு பூங்கா வரைக்கும் நடந்தேன். காய்ந்த துணியை மடித்தேன். அவளுடைய வேலையிடத்துக் கதைகளை முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். ஒருநாள் இரண்டு பேருமாகச் சேர்ந்து அலமாரியைத் துடைத்தோம். ஒரு பேரரசனுக்கு இந்தக் கதி வரலாமா?

மனைவியின் வேலையைப் பற்றிச் சொல்லவில்லையே. அவள் ஒரு பெரிய ஃபர்னிச்சர் கடையில் குறை கேட்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். கட்டில் கால் ஆடுகிறது, அலமாரிக் கதவு மூடவில்லை, சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளிடம்தான் வர வேண்டும். கத்திக்கொண்டு வருகிறவர்கள், போகும்போது 'ரொம்ப நன்றிம்மா' என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு தலையணையும் வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்டவளிடம் நான் குடித்தனம் நடத்துகிறேன். என் நிலைமை உங்களுக்குப் புரிகிறதா?

மூன்றாவது வாரக் கடைசியில் கம்பெனியிலிருந்து நஷ்டஈட்டு அறிவிப்பு வந்தது. படித்தேன். கொதித்தேன்.

"வெள்ளி டிராகனாம்!" என்று கத்தினேன்.

மனைவி சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள். "யாருக்கு?"

"எனக்கு! மூணு வாரம் என் கோட்டையைப் பூட்டி வெச்சுட்டு, என் பிறந்த தேதியைத் திருடன்கிட்ட தூக்கிக் குடுத்துட்டு, நஷ்டஈடா ஒரு வெள்ளி டிராகன் தர்றானாம். இதை நான் ஒத்துக்கிட்டா நான் மனுஷனே இல்ல!"

"டிராகன் நல்லதாச்சே. நெருப்பு கக்குமே?"

"வெள்ளி டிராகன் நெருப்பு கக்காது. வெறும் புகைதான் விடும்."

"அப்ப உங்கப்பா மாதிரின்னு சொல்லுங்க."

"சிரிக்காத! இது நஷ்டஈடா, நையாண்டியா? இழப்பீடுன்னு வார்த்தை இருக்கே, அதுல இழப்பு மட்டும்தான் எனக்கு. ஈடு எங்க?"

"சரி, உங்களுக்கு என்னதான் வேணும்?"

"தங்க டிராகன். மூணு தலை இருக்கணும். மூணும் நெருப்பு கக்கணும். முதலாளி என் பேரைச் சொல்லி மன்னிப்புக் கேக்கணும்."

"எந்தப் பேரை?"

"அசுரவேந்தன்னு."

"கேளுங்க, கேளுங்க. கேக்கறதுக்கு யாரும் தடை போடல" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். வேலைக்குப் போய் நாள் முழுக்க இதையே கேட்டுவிட்டு வருகிறவள். வீட்டிலும் ஒருவன் நின்று கத்தினால் பாவம், அவள்தான் என்ன செய்வாள்? ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தப் பாவமெல்லாம் தோன்றவில்லை. உடனே உட்கார்ந்து கம்பெனிக்கு அசுரவேந்தன் என்ற பெயரில் மெயில் எழுதினேன். ஒன்றில் அடங்கவில்லை. எட்டு எழுதினேன்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே டைலரின் குரல்.

"அண்ணே! கோட்டை திறந்தாச்சு! நான் உள்ள போயிட்டேன். நீங்க இன்னும் வரலையா?"

"நஷ்டஈடு விஷயம் பேசிக்கிட்டு இருக்கேன்டா."

"பேசுங்கண்ணே, நல்லா பேசுங்க. ஆனா அறிவிப்போட கடைசி வரியைப் படிச்சீங்களா? ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள திரும்பி வராத தலைவருங்க பதவி துணைத் தளபதிக்குப் போயிடுமாம். எனக்கு அதுல துளிகூட ஆசை இல்லண்ணே."

துளிகூட ஆசை இல்லை என்று சொல்லிக்கொண்டே கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துத் தன் தலையைச் சுற்றி அளவு எடுத்தான். கிரீடத்துக்கு!

பாய்ந்து வந்து ஜாய்ஸ்டிக்கை எடுத்தேன். பெயரைப் போட்டேன். புதுக் கடவுச்சொல்லைப் போட்டேன். திரையில் கோட்டைக்குப் பதிலாக ஒரு பெட்டி வந்தது: 'இது சிறுவர் கணக்கு. பாதுகாப்பு கருதி, தாயோ தந்தையோ தம் சொந்த எண்ணிலிருந்து எங்களுக்குப் போன் செய்து அனுமதி தந்தால் மட்டுமே திறக்கப்படும்.'

எனக்கு வியர்த்துவிட்டது. ஏன் வியர்த்தது என்று உங்களிடம் சொல்வதற்கு எனக்கென்ன வெட்கம்? நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த விளையாட்டில் சேரும்போது ஒரு சலுகையைப் பார்த்தேன். சிறுவர்களின் கோட்டைக்கு மதில் இடிந்தால் இலவசமாகக் கட்டித் தருவார்கள். பெரியவர்கள் தாங்களே கல் சுமக்க வேண்டும். நான் பகலெல்லாம் கடையில் இரும்பு சுமக்கிறவன். சாயங்காலமும் கல் சுமக்க என்னால் முடியாது. அதனால் வயது என்று கேட்ட இடத்தில் ஒன்பது என்று போட்டேன். இதைப் பொய் என்று நினைத்தால் அது உங்கள் பார்வைக் கோளாறு. நான் இதைச் சிக்கனம் என்பேன். ஒன்பதும் நாலும் பதிமூன்று. கம்பெனியின் கணக்குப்படி பேரரசர் அசுரவேந்தனுக்கு இப்போது மீசை அரும்புகிற வயது.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்பீர்கள். அதற்கும் அந்த அறிவிப்பில் ஒரு வரி போட்டிருந்தார்கள். வயதை மாற்றிக் கொடுத்த கணக்குகள் அடியோடு அழிக்கப்படுமாம். ஏழு மதிலும் தரைமட்டம்! திருடனைப் பிடிக்கத் துப்பில்லை, நொந்துபோயிருக்கிற என்னைப் பிடிக்க மட்டும் விதி இருக்கிறது.

எனக்கு நானே அப்பாவாகிவிடலாமா என்று பார்த்தேன். என்னிடம் இருப்பது ஒரே எண். அது ஏற்கெனவே அசுரவேந்தன் என்கிற பையனின் எண்ணாகப் பதிவாகியிருந்தது. டைலரை அப்பாவாக்கலாம் என்றால், அவன்தான் என் அரியணைக்கு வாரிசு. மகன் சொத்துக்கு அப்பனே வாரிசாகக் காத்திருக்கிற குடும்பம் உருப்படுமா? கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. அந்த வழி சமையலறைக்குப் போயிற்று.

"ஏம்மா" என்று குழைந்தேன்.

"என்ன வேணும்?" என்றாள். நான் குழைந்தால் அவள் நிமிர்ந்துவிடுவாள்.

"கம்பெனிக்கு ஒரு போன் பண்ணணும். நீதான் நல்லா பேசுவ."

"உங்க சண்டைக்கு நான் எதுக்கு?"

"அதில்லம்மா... அம்மாதான் பேசணுமாம்."

"எந்த அம்மா?"

"என்னோட அம்மா."

"அவங்க உங்க தம்பி வீட்ல இருக்காங்க. அங்க போன் போடுங்க."

"அவங்க வேண்டாம். அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சா குடும்பம் முழுக்கத் தெரிஞ்சுடும். நீ கொஞ்ச நேரம்... எனக்கு அம்மாவா இரேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். ஒன்பது வயது என்று சொன்ன இடத்தில் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பதிமூன்று என்று சொன்ன இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப திருடன் எடுத்துட்டுப் போன பிறந்த தேதி?"

"பொய்த் தேதி."

"திருடனையே ஏமாத்திட்டீங்க! இதுக்கா காலையிலேருந்து அப்படிக் குதிச்சீங்க? இப்பத்தான் புரியுது. ஒரு வாரமா உங்க மெயிலுக்கு 'உங்கள் குழந்தை உயரமாக வளர வேண்டுமா'ன்னு விளம்பரமா வருதுன்னு சொன்னீங்களே!"

"சிரிச்சது போதும். பேசுவியா, மாட்டியா? ஞாயித்துக்கிழமைக்குள்ள திறக்கலைன்னா அந்தத் தையல்காரன் என் சிம்மாசனத்துல உக்காந்துடுவான்!"

"பேசறேன். ஆனா ஒண்ணு. நான் பேசும்போது நடுவுல நீங்க வாயைத் திறக்கக்கூடாது. அம்மான்னு ஆயாச்சுன்னா அம்மா பேச்சைக் கேக்கணும்."

"சத்தியமா."

"தங்க டிராகன்தானே வேணும்? வாங்கித் தரேன். முதல்ல சொல்ற சலுகை எப்பவும் மேசை மேல இருக்கும். ரெண்டாவது டிராயர்ல இருக்கும். மூணாவது மேனேஜர் பாக்கெட்ல இருக்கும். எங்க கடையிலயும் அப்படித்தான்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்பேர்ப்பட்டவளை வீட்டில் வைத்துக்கொண்டா எட்டு மெயில் எழுதினேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவள் தன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். கை தானாகவே கட்டிக்கொண்டது.

"வணக்கம். உங்கள் பொறுமைக்கு நன்றி" என்றது ஒரு பெண் குரல்.

"நான் பொறுமையா இருக்கேன்னு இன்னும் சொல்லவே இல்லியே" என்றாள் மனைவி.

அடடா! ஆரம்பமே அமர்க்களம். மறுமுனையில் ஒரு மூச்சு சத்தம் கேட்டது. எதிராளி கத்தியை உறையிலிருந்து எடுக்கும் முன்னே என் மனைவி முதல் மதிலைத் தாண்டிவிட்டாள்.

"மூணு வாரம் குழந்தை அந்த டிவி முன்னாலயே உக்காந்து ஏங்கிப் போயிட்டான். நீங்க ஒரு வெள்ளி டிராகனை அனுப்பறீங்க."

"புரியுது மேடம். வேணும்னா ரெண்டு வெள்ளி டிராகன்..."

"ஒண்ணு விட்ட புகையே வீடெல்லாம் நிக்குது. ரெண்டை வெச்சு நான் என்ன பண்ண? உங்க மேனேஜர் என்ன வெச்சிருக்காருன்னு கேட்டுச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. திரும்பி வந்து அந்தப் பெண், "மூணு தலை தங்க டிராகன் தரலாம்னு சொல்றார் மேடம்" என்றாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். மனைவி கண்ணாலேயே என்னை உட்கார வைத்தாள்.

"கணக்கைத் திறக்கறதுக்கு முன்னால பையன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும் மேடம். பாதுகாப்பு விதி. பக்கத்துல இருக்கானா?"

என் குரலைக் கேட்டால் கடைக்கு வெளியே நிற்கும் நாய் எழுந்து போய்விடும். மனைவி போனை என் பக்கம் தள்ளினாள். தொண்டையைச் சுருக்கிக்கொண்டு, எவ்வளவு மெலிசாக முடியுமோ அவ்வளவு மெலிசாக, "ஆன்ட்டி" என்றேன். கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடாத சத்தம் வந்தது.

"என்ன மேடம், குரல் இப்படி இருக்கு?"

"உடையற வயசும்மா. சளியும் சேர்ந்துக்கிச்சு. ஐஸ் வாட்டர் குடிக்காதடான்னா கேக்கறானா?"

டா! என்னை டா போட்டுவிட்டாள்! எனக்கு வந்த கோபத்தில் சத்தியம் மறந்துபோயிற்று. "என்னம்மா நீ!" என்று என் சொந்தக் குரலிலேயே கத்திவிட்டேன்.

செத்தோம் என்று நினைத்தேன். ஆனால் மறுமுனையில் அந்தப் பெண் உருகிவிட்டாள். "அம்மா மேல என்ன உரிமை பாருங்க மேடம்! இந்த வயசுல குரல் இப்படித்தான், மேலயும் கீழயும் போகும். என் தம்பிக்கும் அப்படித்தான் இருந்துச்சு." கல்யாணமான நாளிலிருந்து வாய்க்கு வாய் 'ஏம்மா', 'என்னம்மா' என்று அவளைக் கூப்பிட்ட பழக்கம் எனக்கு அன்றைக்கு உதவியது. உதவியது என்றுதான் அந்த நிமிஷம் நம்பினேன்.

"இவன்தானே மேடம் எங்களுக்கு எட்டு மெயில் போட்டது? 'உங்கள் சிம்மாசனங்களைத் தவிடுபொடியாக்குவேன், உங்கள் வம்சமே என் வாசலில் வந்து மண்டியிடும்'னு?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மேசையின் விளிம்பைப் பார்த்தேன்.

"இங்க எல்லாரும் பயந்துட்டோம் மேடம். அப்புறம் வயசைப் பாத்ததும் ஒரே சிரிப்பு. பதிமூணு வயசுக்கு நல்லா எழுதறான். எழுத்துப்பிழை மட்டும் கொஞ்சம் இருக்கு."

எழுத்துப்பிழையாமே! யாருக்கு? எனக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை எரிந்தது. வாயைத் திறக்க முடியவில்லை.

"என்னத்தைச் சொல்றது" என்று மனைவி பெருமூச்சு விட்டாள். "வீட்லயும் அப்படித்தான். ஈரத் துண்டைக் கட்டில்மேல போடுவான். குடிச்ச டம்ளர் குடிச்ச இடத்துலயே இருக்கும். ஒரு வேலை சொன்னா 'இதோ, இந்த ஒரு போர்'ம்பான். போர் முடியறப்ப நான் தூங்கிப் போயிருப்பேன்."

"அப்பா கண்டிக்க மாட்டாரா மேடம்?"

"அவர் இவனை விட மோசம்."

"நீங்க வேலைக்குப் போறீங்களா?"

"ஃபர்னிச்சர் கடையில, குறை கேக்கற மேசை."

"அய்யய்யோ! நீங்களும் நம்ம ஆளா!"

அவ்வளவுதான். சண்டை போட நான் அனுப்பிய என் தளபதி எதிரியோடு கட்டிப்பிடித்துக்கொண்டாள். கத்துகிறவர்களைப் பற்றி, முதலாளியைக் கூப்பிடு என்கிறவர்களைப் பற்றி, மத்தியானச் சாப்பாட்டை ஆற விடுகிறவர்களைப் பற்றி, தாங்கள் செய்யாத தப்புக்கு நாள் முழுக்க மன்னிப்புக் கேட்பதைப் பற்றி இரண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். என் நஷ்டஈடு நடுவில் அநாதையாகக் கிடந்தது.

"மேடம், உங்களுக்காக ஒண்ணு சொல்றேன்" என்றாள் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி. "இது அறிவிப்புல இல்ல. நடந்ததுக்காக அம்மாக்களுக்குன்னு தனியா ஒரு வசதி தர்றோம். பையன் விளையாடற நேரத்தை உங்க போன்லேருந்தே நீங்க முடிவு பண்ணலாம். நேரம் முடிஞ்சா தானா நின்னுடும். வீட்டுப்பாடம் முடிச்சான்னு நீங்க அமுக்கினாதான் திறக்கவே திறக்கும். பதினெட்டு வயசு முடியறவரைக்கும் உங்களைத் தவிர யாராலயும் மாத்த முடியாது."

நான் இரண்டு கையையும் ஆட்டினேன். தலையை ஆட்டினேன். நாற்காலியையே ஆட்டினேன்.

மனைவி நிதானமாகக் கேட்டாள். "இலவசமா?"

"முழுக்க இலவசம் மேடம்."

"போட்டுடுங்க. ஒரு நாளைக்கு அரை மணி நேரம்."

போனை வைத்ததும் நான் வெடித்தேன். "துரோகம்! பச்சைத் துரோகம்! நஷ்டம் எனக்கு, ஈடு உனக்கா?"

"தங்க டிராகன் வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு..."

"கோட்டை திறந்துச்சா?"

"திறந்துச்சு. ஆனா அரை மணி நேரத்துல என்ன பண்ண முடியும்? டிராகனுக்குத் தீனி போடவே அரை மணி ஆகும்! அதுவும் இன்னும் அஞ்சு வருஷத்துக்கு! இப்பவே போன் போட்டு மாத்தச் சொல்லு."

"போடறேனே. 'அவன் என் பையன் இல்ல, புருஷன், கடை வெச்சிருக்கார்'னு சொல்லிடட்டுமா?"

ஏழு மதிலும் என் கண் முன்னால் ஒருமுறை ஆடி நின்றன.

அவள் எதிரில் உட்கார்ந்தாள். அவள் சிரிக்கவில்லை. "நஷ்டம் உங்களுக்குன்னு சொன்னீங்கள்ல? உங்களுக்கு மூணு வாரம் ஆட்டம் போச்சு. எனக்கு நாலு வருஷமா சாயங்காலத்துல புருஷனே இல்லை. யார்கிட்டயாவது மெயில் போட்டேனா? அந்த மூணு வாரம் பூங்காவுக்கு நடந்தோமே, நான் சொன்னதையெல்லாம் கேட்டீங்களே, எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? அங்க கரண்டு போனப்பதான் இங்க விளக்கு எரிஞ்சுது. மறுபடி அந்த விளையாட்டு மூணு வாரம் கெட்டுப்போகாதான்னு நான் வேண்டிக்கிட்டு இருந்தேன். நீங்க வெள்ளி டிராகன்னு குதிக்கறீங்க."

உண்மையைச் சொல்கிறேன், வெட்கமாக இருந்தது. பூங்காவுக்கு நடந்தது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அவள் மேனேஜரைப் போலவே நடந்து காட்டியபோது நான் நடுத்தெருவில் நின்று சிரித்தேன். இதையெல்லாம் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பேரரசன் இதையெல்லாம் எப்படிச் சொல்வான்?

"சரி, சொன்னது நியாயம்தான்" என்று முனகினேன். "ஆனா ஞாயித்துக்கிழமை பெரிய போர். அன்னைக்கு மட்டும் கொஞ்சம் கூட்டிக் குடு."

"வீட்டுப்பாடத்தைப் பொறுத்து."

"என்ன வீட்டுப்பாடம்?"

"வீட்டுல படிக்க வேண்டிய பாடம். துணி மடிக்கறது, டம்ளர் கழுவறது, ஈரத் துண்டைக் கொடியில போடறது."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீட்டில் இருந்த துணியெல்லாம் மடித்தேன். மடித்து வைத்திருந்ததையும் பிரித்து மறுபடி மடித்தேன். டம்ளர்களை வரிசையாகக் கவிழ்த்தேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, போனை எடுத்து 'முடித்துவிட்டான்' என்பதை அமுக்கினாள். முடித்துவிட்டானாம்! அமுக்கிய கையோடு, "நல்லா செஞ்சதுக்காகப் பத்து நிமிஷம் சேர்த்துக் குடுத்திருக்கேன்" என்றாள். பத்து நிமிஷத்துக்காக நான் அவளுக்கு நன்றி சொன்னேன். எப்பேர்ப்பட்ட மனிதன் எப்படி ஆகிவிட்டேன் பாருங்கள்.

உள்ளே போனேன். படை ஆர்ப்பரித்தது. மூன்று வாரம் கழித்துத் தலைவன் தங்க டிராகன் மேல் வருகிறான் என்றால் சும்மாவா? 'பேரரசர் வாழ்க! கம்பெனியையே பணிய வைத்தவர் வாழ்க!' என்று எழுத்துகள் ஓடின. ரத்தப்புலி மட்டும், 'அண்ணே, மிஷின்ல நூல் சிக்கிடுச்சு, கொஞ்சம் இருங்க' என்று இழுத்தடித்தான். அவன் வந்து சேர்வதற்குள் பாதி நேரம் போய்விட்டது. வயிற்றெரிச்சல் பிடித்தவன்.

அடித்துப் பிடித்து எதிரிக் கோட்டை வாசலுக்குப் போய்விட்டோம். வெளிமதில் விழுந்தது. உள்மதில் விழுந்தது. பெரிய கதவு மட்டும் பாக்கி. 'எல்லாரும் விலகுங்கள், இதை நானே உடைக்கிறேன்' என்று உத்தரவு போட்டேன். நூறு பேரும் விலகி நின்று என்னையே பார்த்தார்கள். ஜன்னல் வழியாக எதிர்வீட்டில் டைலரின் டிவி வெளிச்சமும் அசையாமல் நின்றது. தங்க டிராகன் மூன்று வாயையும் திறந்தது.

திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

நான் பொத்தானை அமுக்கினேன். குத்தினேன். ஜாய்ஸ்டிக்கைத் தட்டினேன். டிராகன் அசையவில்லை. திரையின் நடுவில் ஒரு பொம்மை ஓடி வந்து, கொட்டை எழுத்தில் ஒரு பலகையைத் தூக்கிப் பிடித்தது. எனக்கு மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. படையில் இருந்த எல்லார் திரையிலும் அதே பலகை வந்ததை, எதிர்வீட்டில் டைலர் விழுந்து விழுந்து சிரித்த சிரிப்பிலிருந்து தெரிந்துகொண்டேன்:

'அசுரவேந்தனை அவனுடைய அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார்.'